மேய்ச்சல் நிலம் நலிந்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

மேய்ச்சல் நிலத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் பெரும்பாலோரின் கை விதைப் பையைத் தேடும். இல்லையென்றால் உரம், அதுவும் இல்லையென்றால் யாரோ விற்கும் நுண்ணுயிர்க் கரைசல். மூன்றும் சில இடங்களில் பயன்படும். பணத்தை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கால்நடைகள் ஓர் அடைப்பில் தொடர்ந்து எத்தனை நாள் நின்றன? அதே அடைப்புக்கு எத்தனை நாள் கழித்துத் திரும்பின? (வேலியால் பிரித்த ஒவ்வொரு துண்டு நிலத்தையும் இங்கே அடைப்பு என்கிறேன்.) கீழே வரும் அறிகுறிகளில் பலவற்றுக்கு இந்த இரண்டு எண்களிலேயே காரணம் கிடைத்துவிடும். பிரெஞ்சு ஆய்வாளரும் பண்ணையாளருமான ஆந்த்ரே வுவாசன் 1950களில் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: மிகை மேய்ச்சலைத் தலைக்கணக்கால் அளக்காதீர்கள், நாள்கணக்கால் அளங்கள்.

எஞ்சியவை களர் (சோடியம் மிகுந்த மண்), குடற்புழு, தாதுக்குறை போன்ற வேறு காரணங்களால் வருபவை. அடைப்பு மாற்றி அடைப்பாக மேய்க்கும் சுழற்சியை எவ்வளவு அழகாக நடத்தினாலும் அவை தீரா. ஆகவே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் சோதனை, பிறகு சிகிச்சை. ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்தால் எது பலித்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மாற்றம் போதும்.

ஒவ்வொரு சுற்றிலும் புல் முன்னைவிடக் குட்டையாக நிற்கிறது

மழை குறையவில்லை, எருவும் விழுகிறது, ஆனாலும் புல் தேய்ந்துகொண்டே போகிறது. முதல் சந்தேகம் இரண்டாம் கடியின் மேல். கடிபட்ட புல் சில நாட்களில் துளிர்விடும். இலை போதிய அளவு இல்லாதபோது அந்தத் துளிர் அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்தே வெளிவருகிறது. மாடு அங்கேயே நின்றால், முற்றிய புல் எவ்வளவு இருந்தாலும் அதை விட்டுவிட்டு இந்த இளந்துளிரைத்தான் தேடிப்பிடித்துக் கடிக்கும். சேமிப்பு தீர்ந்த செடி அடுத்ததாக வேரைக் கைவிடுகிறது.

அமெரிக்க வேளாண் துறை 1955இல் வெளியிட்ட ஃபிராங்க்ளின் கிரைடரின் சோதனைகள் இதற்கு எண் கொடுத்தன. இலைத்திரளில் பாதியை வெட்டியபோது வேர் வளர்ச்சி கிட்டத்தட்ட பாதிக்கப்படவில்லை. 80 சதவீதத்தை வெட்டியபோது 12 நாட்களும், 90 சதவீதத்தை வெட்டியபோது 17 நாட்களும் வேர் வளர்ச்சி முழுவதுமாக நின்றுபோனது. பாதிக்கும் எண்பதுக்கும் இடையில் நிகழும் இந்தச் சரிவுதான் 'பாதி தின்னட்டும், பாதி நிற்கட்டும்' என்ற விதிக்கு அடிப்படை. பாதி என்பது எடையில் பாதி. உயரத்தில் பாதி அன்று. புல்லின் எடை பெரும்பாலும் அடிப்பகுதியில் இருப்பதால், உயரத்தில் பாதிக்கு மேல் போனாலும் எடையில் பாதி மிஞ்சியிருக்கக்கூடும். ஒரு கைப்பிடிப் புல்லை அடியோடு அறுத்து, விரல்மேல் வைத்துச் சமநிலைப்படுத்திப் பாருங்கள். அது நிற்கும் புள்ளி, ஏறத்தாழ எடையில் பாதி எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும்.

சோதனை எளிது. ஒரு சதுர மீட்டர் அளவுள்ள கம்பி வலைக் கூண்டை அடைப்பின் நடுவில் கவிழ்த்து வையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் உள்ளேயும் வெளியேயும் பாருங்கள். கூண்டுக்குள் புல் செழித்து, வெளியே தேய்ந்திருந்தால் குற்றவாளி நாட்காட்டி. உள்ளேயும் மஞ்சளாக, நோஞ்சானாக இருந்தால் மண்ணில் சத்துக்குறை, அமில கார நிலை, நீர்த்தேக்கம் ஆகியவற்றைத் தேட வேண்டும். மண் பரிசோதனைக்கு அப்போதுதான் அர்த்தம் இருக்கிறது.

குற்றம் நாட்காட்டியுடையது என்றால் கணக்கு இப்படி: தேவைப்படும் ஓய்வு நாட்களை, ஓர் அடைப்பில் நிற்கும் நாட்களால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை அடைப்புகள் வேண்டும் என்பது வரும். 45 நாள் ஓய்வு, 3 நாள் மேய்ச்சல் என்றால் 16 அடைப்புகள். எட்டு அடைப்புகளை வைத்துக்கொண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறவருக்கு 21 நாள் ஓய்வுதான் கிடைக்கிறது. மழைக்காலத்தில் அது போதும். வறண்ட மாதத்தில் போதவே போதாது. ஓய்வு எவ்வளவு என்பதை நான் எண்ணாகச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் வேகமாக வளரும் பருவத்தில் மூன்று நான்கு வாரங்களில் தேறும் அதே புல், வளர்ச்சி மந்தமான பருவத்தில் மூன்று மாதம் கேட்கும். செடியைப் பாருங்கள்: புது இலைகள் முழுதாக விரிந்து, அடி இலையின் நுனி பழுக்கத் தொடங்கும் நேரம் திரும்பலாம்.

இந்த இடத்தில்தான் சிறு பண்ணைகள் சறுக்குகின்றன. வளர்ச்சி குறைந்ததும் ஒவ்வொரு அடைப்பிலும் புல் சீக்கிரம் தீர்கிறது. மூன்று நாள் இரண்டாகிறது, இரண்டு ஒன்றாகிறது. சுற்று வேகமெடுக்க, ஓய்வு சுருங்குகிறது. ஓய்வு மிகுதியாக வேண்டிய நேரத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. வளர்ச்சி மெதுவானால் சுற்றும் மெதுவாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப இரண்டே வழிகள்: தலைகளைக் குறைப்பது, அல்லது ஒரே ஓர் அடைப்பைப் பலிகொடுத்து அதில் கட்டிவைத்து உலர்தீவனம் போடுவது. ஓர் அடைப்பு கெடுவது எல்லா அடைப்புகளும் கெடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஓரிடம் மொட்டை, பக்கத்திலேயே முழங்கால் உயரப் புல்

நிலம் மிகை மேய்ச்சலிலும் குறை மேய்ச்சலிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். தென்னாப்பிரிக்கத் தாவரவியலாளர் ஜான் அக்காக்ஸ் தம் நாட்டைப் பற்றிச் சொன்னது இதே பொருள்தான்: ஆடுமாடு குறைவு, ஆனால் மேய்ச்சல் மிகை. பெரிய அடைப்பில் சில மாடுகளை விட்டால் அவை ருசியான திட்டையே சுற்றிச் சுற்றி மேயும். விட்ட புல் முற்றும். முற்றியதை அடுத்த முறையும் தொடாது.

உயர்ந்த திட்டுகள் வட்ட வட்டமாக, நடுவில் பழைய சாணத்தோடு இருக்கின்றனவா? அப்படியானால் அது வேறு விஷயம். மாடு தன் சாணத்தை ஒட்டிய புல்லைத் தவிர்க்கும். அது இயல்பு, குடற்புழுவிலிருந்து தப்பும் உத்தியும்கூட. செம்மறியாட்டை மாட்டுக்குப் பின்னால் விட்டால் அந்த வட்டங்களைச் சுத்தமாக மேய்ந்துவிடும்.

மற்றபடி தீர்வு, அடைப்பைச் சிறிதாக்குவது. அதே தலைகள், கால் பங்கு இடம், கால் பங்கு நேரம். போட்டி வந்தால் மாடு ருசி பார்த்துப் பொறுக்கி மேயாது. ஆனால் அடர்த்தியைக் கூட்டிவிட்டு மாற்றும் நேரத்தை மறந்தால் சேதமும் அதே மடங்கில் கூடும். வேலையாள் இல்லாத பண்ணை இதில் ஆசைப்படக் கூடாது.

மழை பெய்கிறது, தண்ணீர் இறங்க மறுக்கிறது

இதற்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் சிகிச்சை வேறு. குழப்பிக்கொண்டால் ஆண்டுகள் வீணாகும்.

முதலில் அளங்கள். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள, இருபுறமும் திறந்த தகர உருளையைச் சில சென்டிமீட்டர் மண்ணில் இறக்கி, சுமார் 440 மில்லிலிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மறைய ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் இன்னொரு முறை ஊற்றுங்கள். இரண்டாம் அளவே நம்பத்தக்கது, ஏனென்றால் உலர்ந்த மண் முதல் தண்ணீரை ஆசையாகக் குடித்துவிடும். வேலியோரம், மரத்தடி என்று மிதிபடாத ஓரிடத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

மேலே மெல்லிய ஓடுபோல் மண் இறுகி, அதைக் கீறினால் கீழே உதிரியாக இருக்கிறதா? அது மேலோட்டு இறுக்கம். மூடாக்கு இல்லாத மண்மேல் மழைத்துளி நேராக அடித்ததால் வந்தது. எஞ்சிய புல்லைக் கூடுதலாக விட்டு, தரையை மூடுங்கள். அந்த மொட்டைத் திட்டுகளில் வைக்கோலைப் பரப்பி மாடுகளைத் தின்னவிட்டால் பாதியைத் தின்னும், பாதியை மிதித்துச் சாணத்தோடு மண்ணில் அழுத்தும். சில இரவுகள் ஆட்டுக்கிடை போடுவதும் இதே வேலையைச் செய்யும்.

மண்வெட்டியால் ஒரு கட்டியை வெட்டி எடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் வேர்கள் திடீரெனப் பக்கவாட்டில் திரும்புகின்றனவா? மண் தகடு தகடாகப் பெயர்கிறதா? அது உள் இறுக்கம். உழவுகாலத்துக் கடினத் தட்டாக இருக்கலாம், ஈரமண்ணில் மாடுகளை விட்டதால் வந்ததாகவும் இருக்கலாம். குளம்புகள் இறுகிய மண்ணை உடைத்துப் பொலபொலப்பாக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. குளம்பு மேலோட்டை உடைக்கும், உண்மை. அதன் கீழே அது அழுத்தவே செய்யும். உள் இறுக்கத்தைத் திறப்பவை ஆழமாக இறங்கும் வேர்களும், மண்புழுக்களும், ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதும்தான். ஓய்வை நீட்டுங்கள், ஆழவேர்ப் பயிர்களைக் கலந்து விதையுங்கள். குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கும் அளவுக்கு மண் நனைந்திருக்கும் நாட்களில் பலி அடைப்புக்கு ஓட்டிவிடுங்கள்.

மூன்றாவது, களர். உலர்ந்த சிறு மண்கட்டி ஒன்றை ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரில் அசைக்காமல் போடுங்கள். கட்டி சரிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மண்ணில் மட்கு குறைவு. மேய்ச்சல் மேலாண்மை உதவும். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கி, மணிக்கணக்கில் தெளியாமல் இருந்தால் சோடியம் மிகுதி என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஆய்வகப் பரிசோதனையும், தேவையென்றால் ஜிப்சமும், வடிகாலும் வேண்டும். களர் நிலத்தில் புல்லுக்கு எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் சோடியம் தானாக வெளியேறாது.

சாணம் வாரக்கணக்கில் அப்படியே காய்ந்து கிடக்கிறது

வெப்பமும் ஈரமும் உள்ள பருவத்தில், நல்ல நிலையில் உள்ள நிலத்தில், சாணத்தில் சில நாட்களிலேயே துளைகள் விழும். விழவில்லை என்றால் ஒரு பழைய சாணத்தைக் குச்சியால் புரட்டுங்கள். அடியில் வண்டுத் துளையோ மண்மேடோ இல்லை, புழு பூச்சி எதுவுமே இல்லை என்றால், கடைசியாக என்ன குடற்புழு மருந்து கொடுத்தீர்கள் என்று குறிப்பேட்டைப் பாருங்கள். ஐவர்மெக்டின் வகை மருந்துகளின் ஒரு பகுதி சாணத்தோடு வெளியேறி, சாண வண்டின் இளம்புழுக்களைக் கொல்லும். மந்தை முழுவதற்கும் நாள் குறித்து மருந்து ஊற்றும் பழக்கம்தான் இங்கே கேடு. தேவைப்படும் விலங்குக்கு மட்டும், சாணத்தில் உள்ள புழுமுட்டை எண்ணிக்கை பார்த்துக் கொடுங்கள்.

வண்டுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அங்கிருந்த வண்டுகள் கங்காரு போன்றவற்றின் சிறிய, உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை. குடியேறியவர்கள் கொண்டுவந்த மாட்டின் ஈரச் சாணத்தை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. மேய்ச்சல் நிலம் மூடிப்போனது, ஈக்கள் பெருகின. ஜார்ஜ் போர்னமிசா என்ற பூச்சியியலாளரின் முயற்சியால் 1960களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு வண்டு இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

சாணத்தின் வடிவமும் ஒரு செய்திதான். வட்டமாக விழுந்து நடுவில் சிறு குழியோடு நின்றால் தீவனம் சரி. நீர்த்துத் தெறித்தால் புல் மிக இளசு, நார் போதவில்லை. அடுக்கடுக்காகக் கோபுரம் கட்டினால் புல் முற்றிவிட்டது, புரதம் போதவில்லை. அத்தகைய சாணத்தை வண்டுகளும் அவ்வளவாக விரும்புவதில்லை.

புல் கண்முன் நிறைய இருக்கிறது, மாடு மெலிகிறது

காலையில் மாட்டின் இடப்பக்கம் நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பாருங்கள். குழி ஆழமாக விழுந்திருந்தால் முதல் நாள் வயிறு நிறையவில்லை. நிறைந்திருந்தும் மெலிகிறது என்றால் தரம், தாது உப்பு, அல்லது நோய்.

நிறையவில்லை என்றால் அளந்துவிடுங்கள். 50க்கு 50 சென்டிமீட்டர் சட்டத்துக்குள் உள்ள புல்லை அறுத்து, நன்கு உலர்த்தி எடை போடுங்கள். கிராமை 40ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று வரும். நான்கைந்து இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். அதில் பாதிதான் உங்களுடையது. 400 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ உலர் எடை தின்னும். இந்த எளிய வகுத்தலைச் செய்யாமல் 'புல் நிறைய இருக்கிறது' என்று கண்ணால் மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பச்சைப் புல்லில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ தண்ணீர்.

தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். தொட்டி தொலைவில் இருந்தால் மந்தை மொத்தமாகப் போய், மொத்தமாகக் குடித்து, அங்கேயே படுத்துவிடும். மேயும் நேரமும் எருவும் தொட்டியடியிலேயே கழியும். அருகில் இருந்தால் ஒவ்வொன்றாக வந்து குடித்துவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்பும்.

ஆடுகள் இளைக்கின்றன, கீழ்த்தாடையில் நீர்வீக்கம்

கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உட்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் முதல் சந்தேகம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா வண்ண அட்டை இந்த வெளிறலை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. எந்த ஆட்டுக்கு மருந்து, எதற்கு வேண்டாம் என்று முடிவெடுக்க உதவும். மிகவும் வெளிறிய ஆட்டுக்கு அன்றே சிகிச்சை வேண்டும்.

பிறகு மேய்ச்சலுக்கு வாருங்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் புழுமுட்டை, தொற்றும் நிலை இளம்புழுவாக மாற நான்கு முதல் ஏழு நாட்கள் போதும். ஆகவே ஈரமான பருவத்தில் நான்காம் நாளுக்குள் ஆடுகள் அந்த அடைப்பை விட்டு வெளியேற வேண்டும். திரும்புவது எப்போது என்பதைத் தட்பவெப்பம் முடிவு செய்கிறது. பசிபிக் தீவு நாடான டோங்காவில் 1990களில் பத்து அடைப்புகளில் மூன்றரை நாளுக்கு ஒருமுறை ஆடுகளை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் போல ஓய்வு கொடுத்தார்கள்; ஒரே இடத்தில் மேய்ந்தவற்றோடு ஒப்பிட்டால் முட்டை எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. வெப்பமண்டல ஈரத்தில் இளம்புழு சீக்கிரம் முட்டையிலிருந்து வெளிவந்து, சீக்கிரமே சக்தி தீர்ந்து சாகும். குளிர்ந்த ஈரமான நிலங்களில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அங்கே ஒரு மாத ஓய்வு, புழு தயாராக இருக்கும் வேளையில் ஆட்டைக் கொண்டுபோய் நிறுத்துவதாக முடியலாம். இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியிலேயே இருப்பதால், புல்லை அடிவரை மேயவிடாமல் இருப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

இடவயிறு திடீரென உப்புகிறது, அல்லது மூச்சுத் திணறி விழுகிறது

இங்கே நின்று ஆராயாதீர்கள். மந்தையை உடனே அந்த அடைப்பிலிருந்து வெளியேற்றி, கால்நடை மருத்துவரை அழையுங்கள். காரணம் பிறகு தேடலாம். இளம் குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் பசியோடு இறங்கியதால் வயிறு உப்பியிருக்கலாம். இனி உலர்தீவனம் போட்டு வயிற்றை நிரப்பிய பிறகு, பனி காய்ந்ததும் விடுங்கள். சோளத்தின் இளந்துளிர் என்றால் சயனைடு நச்சு. வறட்சியிலோ உறைபனியிலோ அடிபட்டுத் துளிர்த்த சோளத்துக்குள் மந்தையை விடவே கூடாது. வறட்சி முடிந்து மழை பெய்த சில நாட்களில் நைட்ரேட் நச்சும் இதே வேகத்தில் கொல்லும்.

களை புல்லை மேவுகிறது

களைக்கொல்லிக்கு முன், களை எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். மொட்டைத் திட்டுகளில் மட்டும் என்றால் அது காலியிடத்தை நிரப்ப வந்தது. மேலே சொன்ன முதல் இரண்டு பகுதிகளையும் செய்தால் பெரும்பாலும் பின்வாங்கும். முட்செடியும் புதரும் என்றால் மாட்டைவிட வெள்ளாடு நல்ல கருவி. பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் இந்தக் கணக்கில் சேரா: கால்நடைக்கு நச்சு, ஓய்வு கொடுத்தால் அவையும் சேர்ந்தே வளரும். பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குவதைத் தவிர எளிய வழி இல்லை.

மின்வேலியைக் கால்நடைகள் மதிப்பதில்லை

இது மண் விஷயம் இல்லை என்றாலும் வேலி பொய்த்தால் ஓய்வு பொய்க்கும். 3,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்பளிச் செம்மறிக்கு உறைக்காது. வேலியில் புல் படர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு எர்த் கம்பியைச் சோதியுங்கள். வறண்ட மாதங்களில் பழுது பெரும்பாலும் அங்கேதான். வேலிக்கு மின்சாரம் தரும் கருவியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, வேலியில் இரும்புக் கம்பிகளைச் சாய்த்து மின்னழுத்தத்தை 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு, கடைசி எர்த் கம்பியில் மின்வேலி அளவி கொண்டு பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எர்த் கம்பிகள் அடிக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் மண் பரிசோதனையில் கரிமம் ஏறவில்லை

பலரை மனம் தளர வைக்கும் அறிகுறி இதுதான். பெரும்பாலும் குறை நிலத்தில் இல்லை, எதிர்பார்ப்பில். ஒரு ஹெக்டேரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண்ணின் எடை சுமார் 1,950 டன் (அடர்த்தி 1.3 என்று கொண்டால்). அதில் கரிமம் 0.1 சதவீதம் ஏற வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு டன் கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். அது நான்கு டன்னுக்கு மேற்பட்ட உலர்ந்த தாவரப் பொருளில் உள்ள கரிமம். மண்ணில் சேர்வதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சுவாசித்துக் காற்றுக்கே திருப்பிவிடுவதால், அதைப் போல் பல மடங்கு உள்ளே போக வேண்டும். 0.1 சதவீத வேறுபாடோ, பத்தடி தள்ளி மாதிரி எடுத்தாலே வந்துவிடும்.

ஜிம்பாப்வேயைச் சேர்ந்த சூழலியலாளர் ஆலன் சேவரி போன்றோர் மேய்ச்சலால் பாலைவனமாதலையும் பருவநிலை மாற்றத்தையும் திருப்பிவிடலாம் என்று சொன்னதை ஆய்வாளர்கள் பலர் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குச் சான்று இல்லை என்பதே என் கருத்தும். தரை மூடியிருப்பதும், தண்ணீர் இறங்குவதும், தீவனச் செலவு குறைவதும் அந்த வாதத்தை நம்பி நிற்பவை அல்ல. அவற்றை நேரடியாக அளக்கலாம். ஆண்டுக்கு இருமுறை உருளைச் சோதனை. நூறு அடி வைத்து நடந்து, காலடி நுனி வெறும் மண்ணில் எத்தனை முறை பட்டது என்று எண்ணுவது. கூண்டுக்குள் அறுத்த புல்லின் எடை. இவற்றில் மாற்றம் ஓரிரு ஆண்டிலேயே தெரியும்.

கரிமத்தையும் பின்தொடர விரும்பினால் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். குறித்துவைத்த அதே இடங்கள், அதே ஆழம், அதே பருவம், அதே ஆய்வகம். தொட்டியடி, மரத்தடி, வேலி வாசல் ஆகியவற்றை விட்டு மாதிரி எடுங்கள். எரு குவியும் அந்த இடங்கள் எண்ணை ஏற்றிக் காட்டும்.